பத்தாவது சுற்றில் என்ன ஆகும்? – நம்ம நாட்டு மின்சார ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி ஒரு விமர்சனம்

கோடம்பாக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெரிய மாளிகையைப் பார்த்தால் பின்பக்கம் போய் எட்டிப் பார்க்கத் தோன்றும். சின்ன வயசில் ஸ்டுடியோ வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனபோது ஒட்டிக்கொண்டது. முன்னால் தூண், உப்பரிகை, தங்க பெயின்ட். பின்னால் போனால் சவுக்குக் கட்டை, பிளைவுட், சாக்கு. கேமரா முன்பக்கம்தானே இருக்கு, பின்னால் எதுக்குச் செலவு? அதில் தப்பும் இல்லை. செட்டில் யாரும் குடியிருக்கப் போவதில்லை.

ஆனால் கார் கண்காட்சி மேடைகளிலும் அதே மாதிரி மாளிகைகளைப் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. காரில் ஆள் உட்கார வேண்டும். ஓட்ட வேண்டும். மறுபடியும் ஓட்ட வேண்டும்.

இதை எழுத உடனடிக் காரணம் அக்கா பையன். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். கல்லூரி ஃபார்முலா கார் டீமில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, எங்க டீம் பெட்ரோலை விட்டுட்டு எலக்ட்ரிக்குக்கு மாறலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம். 0-100 மூணு செகண்டுல போயிடும். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் சாஃப்ட்வேர்காரன். கார் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். அவனுக்கு வாயால் சொன்னதைக் கணக்கோடு இங்கே எழுதி வைக்கிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: மின்சார ஸ்போர்ட்ஸ் காரை முதல் சுற்றை வைத்து எடை போடாதீர்கள். பத்தாவது சுற்றில் என்ன ஆகிறது என்று கேளுங்கள்.

முதல் சுற்று மலிவாகிவிட்டது

பெட்ரோல் காலத்தில் 0-100 நேரம் ஒரு நல்ல அளவுகோல். அது குறைய வேண்டுமென்றால் நல்ல இன்ஜின், நல்ல கியர்பாக்ஸ், எடை குறைந்த உடம்பு எல்லாம் சேர்ந்து வரவேண்டும். மொத்த டிசைனுக்கும் அது ஒரு சுருக்கம் மாதிரி.

மின் மோட்டார் இதை மாற்றிவிட்டது. நின்ற இடத்திலிருந்தே முழு டார்க். கியர் மாற்றும் வேலை கிடையாது. பெரிய பேட்டரியும் இரண்டு மோட்டாரும் வாங்கி மாட்டினால் இரண்டு டன் வண்டிகூடப் பாய்ந்து போகும். 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்.ஜி. சைபர்ஸ்டர் சுமார் இரண்டு டன் எடை. 510 குதிரைத்திறன். 0-100 போக 3.2 விநாடி என்கிறார்கள். நான் நம்புகிறேன். ஆனால் அந்த எண் இன்று டிசைனரின் திறமையைக் காட்டுவதில்லை, பேட்டரியின் அளவைக் காட்டுகிறது.

அப்படியென்றால் ஸ்போர்ட்ஸ் காரை ஸ்போர்ட்ஸ் காராக்குவது எது? வளைவில் திரும்புவது, பிரேக் பிடிப்பது, அதையே திரும்பத் திரும்பச் செய்தாலும் முதல் தடவை மாதிரியே நடந்துகொள்வது. இந்த மூன்றுக்கும் எதிரிகள் இரண்டு பேர். ஒருவர் எடை, இன்னொருவர் சூடு.

எடைக் கணக்கு

40 லிட்டர் பெட்ரோல் சுமார் 30 கிலோ. லிட்டருக்கு 9 யூனிட் என்று வைத்தால் அதில் 360 யூனிட் ஆற்றல் இருக்கிறது. (யூனிட் என்றால் இ.பி. மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி.) இன்ஜின் அதில் முக்கால் பங்கைச் சூடாக்கி வெளியே விட்டாலும் 90 யூனிட் சக்கரத்துக்கு வந்துவிடும். பேட்டரியில் 90 யூனிட் வேண்டுமென்றால், கிலோவுக்கு 170 வாட் மணி என்ற கணக்கில், 500 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும். பெட்ரோலாவது ஓட ஓட எடை குறையும். பேட்டரி காலியானாலும் அதே கனம்தான்.

2008-ல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் இதற்குப் பழைய உதாரணம். லோட்டஸ் எலிஸ் காரை அடிப்படையாக வைத்துச் செய்தார்கள். எலிஸ் 900 கிலோவை ஒட்டிய வண்டி. லேப்டாப்பில் போடுவது போன்ற 6,831 சிறு செல்களைக் கொண்ட 450 கிலோ பேட்டரி ஏறியதும் 1,200 கிலோவைத் தாண்டிவிட்டது. அப்படியும் அது சின்ன வண்டிதான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எடையைக் குறைக்கும் வழியை விட்டுவிட்டு, பவரைக் கூட்டி எடையை மறைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறைக்கலாம், ஆனால் நேர்ரோட்டில் மட்டும்தான். 150 கி.மீ. வேகத்தில் போகும் 2,000 கிலோ காரை நிறுத்த சுமார் 1.7 மெகாஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டவேண்டும். 900 கிலோ கார் என்றால் 0.8 மெகாஜூல் கூட இல்லை. வளைவுக்கு வளைவு, சுற்றுக்குச் சுற்று இந்த வித்தியாசம் டயரிலும் பிரேக்கிலும் ஏறிக்கொண்டே போகும்.

ஹைபிரிட் பக்கம் இதைப் புரிந்துகொண்டு வந்த ஒரு டிசைன் உண்டு. 2024-ல் போர்ஷே வெளியிட்ட 911 கரேரா ஜி.டி.எஸ். ஹைபிரிட்டின் பேட்டரி வெறும் 1.9 யூனிட். மின்சாரத்தில் மட்டும் ஓட்டுவதற்காக அது இல்லை. டர்போ விழித்துக்கொள்ளும் வரை உள்ள இடைவெளியை நிரப்பத்தான். முந்தைய மாடலைவிட 50 கிலோதான் கூடியது. எதைப் போடலாம் என்று கேட்பதற்கு முன்னால் எது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். விலை நமக்கு எட்டாது. அந்த யோசனை எட்டும்.

சூட்டுக் கணக்கு

இதுதான் சென்னைக்காரர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

400 வோல்ட் பேட்டரி, 500 ஆம்பியர் இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோவாட். பேட்டரியின் உள்தடை 0.06 ஓம் என்றால், உள்ளேயே உண்டாகும் சூடு 500 × 500 × 0.06 = 15 கிலோவாட். வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் ஏழை ஒன்றாகக் கட்டி ஆன் செய்து, அந்தப் பெட்டியின் மேல் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கரன்ட்டை இரட்டிப்பாக்கினால் சூடு நான்கு மடங்கு. 800 வோல்ட்டுக்குப் பெரிய கம்பெனிகள் போவதில் இதுவும் ஒரு காரணம்: அதே பவருக்குப் பாதி கரன்ட் போதும். கேபிளும் கனெக்டரும் சூடாவது குறையும்.

செல்கள் மட்டும் 300 கிலோ என்றால், 15 கிலோவாட் சூடு நிமிஷத்துக்கு சுமார் 3 டிகிரி ஏற்றும். 60 டிகிரியில் கட்டாயம் அடக்கி வாசிக்க வேண்டும் என்று வைத்தால், 15 டிகிரி குளிரில் கிளம்பும் ஐரோப்பியக் காருக்கு 15 நிமிஷம் கிடைக்கும். மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் 38 டிகிரியில் கிளம்பும் காருக்கு 7 நிமிஷம். குளிரூட்டும் அமைப்பு இருக்கும், முழு நேரமும் மிதித்துக்கொண்டே இருக்கவும் முடியாது, இதெல்லாம் சரிதான். ஆனால் அந்த ரேடியேட்டரும் 38 டிகிரி காற்றை வைத்துத்தானே ஆற்ற வேண்டும்? பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பி பேட்டரிக்குள் போகிறதே, அதுவும் சூடுதான்.

சூடு ஏறினால் என்ன நடக்கும்? கார் வெடிக்காது. என் மாதிரி ஆள் எழுதிய நாலு வரி நிரல் விழித்துக்கொள்ளும். வெப்பநிலை இவ்வளவைத் தாண்டினால் பவரை இவ்வளவு குறை. அவ்வளவுதான். முதல் சுற்றில் 500 குதிரையாக இருந்தது நாலாவது சுற்றில் 300 ஆகும். ஓட்டுபவர் பெடலை மிதிப்பார், கார் யோசிக்கும். பிரேக்கிலும் இதே கதை. பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. கொஞ்சம் காலியானதும் வாங்கும், ரொம்பச் சூடானால் மறுபடி மறுக்கும். ஒவ்வொரு நிலையிலும் காலுக்குக் கீழே பெடல் ஒரே மாதிரி இருக்கவேண்டும். மின்சார ஸ்போர்ட்ஸ் கார் டிசைனில் கஷ்டமான மென்பொருள் வேலை இங்கேதான். டச் ஸ்கிரீனில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. மோட்டார் 30 நிமிஷம் தொடர்ந்து எவ்வளவு பவர் தரும் என்று அளப்பதற்கு நம் நாட்டிலேயே தரநிலை இருக்கிறது. ஏ.ஐ.எஸ்.-041 என்று பெயர். மின் வாகனங்களின் நிகர பவரையும் 30 நிமிஷ பவரையும் அளக்கும் முறையைச் சொல்வது. பல கார்களில் இந்த 30 நிமிஷ எண், விளம்பரத்தில் வரும் எண்ணில் பாதிகூட இருக்காது. அளவுகோல் கையிலேயே இருக்கு. ஆனால் மேடையில் படிப்பது வேறு எண்.

நம்ம மேடைகளில் ஏறியவை

இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு நம்மவர்கள் செய்ததைப் பார்ப்போம்.

2014 ஆட்டோ எக்ஸ்போவில் மஹிந்திரா 'ஹாலோ' என்ற இரண்டு இருக்கை மின்சார ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது. 0-100 போக 8 விநாடி, உச்ச வேகம் 160 கி.மீ., ஒரு சார்ஜில் 200 கி.மீ. என்றார்கள். அன்றைக்கு 8 விநாடியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால் அடக்கமான, செய்து முடிக்கக்கூடிய இலக்கு அது. நான் குறை சொல்வது எண்ணை இல்லை. அதை மேடையோடு விட்டதை.

2017 மார்ச்சில் ஜெனீவாவில் டாடாவின் 'டாமோ ரேஸ்மோ'. இது பெட்ரோல்தான். ஆனாலும் இந்த விவாதத்தில் இதற்கு இடம் உண்டு. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் நடுவில், 190 குதிரைத்திறன், இரண்டே இருக்கை. சின்னதாக, லேசாக, கையில் இருக்கும் இன்ஜினை வைத்துச் செய்யலாம் என்ற சரியான யோசனை. அதுவும் சாலைக்கு வரவில்லை. அடுத்த வருஷம் டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ, டிகோர் கார்களில் ஜே.டி.பி. வகைகளைக் கொண்டுவந்தார்கள். 114 குதிரை, இறுக்கமான சஸ்பென்ஷன், டியாகோ 7 லட்சத்துக்குள். மேடையில் கைத்தட்டல் வாங்காத கார், ஆனால் ஜனங்கள் வாங்கி ஓட்டினார்கள். 2020-ல் அதுவும் நின்றது.

அப்புறம் பத்தினாஃபரீனா... இல்லை, பினின்ஃபரினா பத்திஸ்தா. (பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை.) மஹிந்திரா வாங்கிய இத்தாலிய டிசைன் நிறுவனத்தின் பெயரில், 2019 ஜெனீவாவில் வெளியானது. நாலு மோட்டார், 120 யூனிட் பேட்டரி, 1,900 குதிரைத்திறன், மொத்தம் 150 கார்களுக்கு மேல் இல்லை. இந்தியப் பணத்தில் பிறந்த உலகத்தரமான கார் என்று பெருமைப்பட்டோம். படலாம். ஆனால் பின்பக்கம் போய்ப் பார்த்தால், பேட்டரி, மோட்டார், கட்டுப்பாடு எல்லாம் குரோஷியாவின் ரிமாக் தொழில்நுட்பம். நான் மேலே சொன்ன எடை, சூடு, பெடல் என்ற மூன்று கஷ்டங்களும் அங்கே தீர்க்கப்பட்டவை. வெளியே இருந்து வாங்குவது பாவம் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் நம் பொறியாளருக்கு அதிலிருந்து கிடைக்கும் படிப்பு என்ன? 2022 நவம்பரில் அந்தக் காரை இந்தூர் பக்கத்து நாட்ராக்ஸ் தடத்துக்குக் கொண்டுவந்து கால் மைலை 8.55 விநாடியில் ஓட்டினார்கள். அபாரம். நேர்ரோடு. மறுபடியும் முதல் சுற்று.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். மஹிந்திரா 2014-ல் முதல் சீசனிலிருந்தே ஃபார்முலா ஈ பந்தயத்தில் இருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த முதல் பந்தயத்தில் நம்ம சென்னை கருண் சந்தோக் அவர்களுக்காக ஓட்டி ஐந்தாவதாக வந்தார். அந்தக் காலத்தில் ஒரு பேட்டரி முழுப் பந்தயத்துக்கும் போதாது. அதனால் டிரைவர்கள் பாதியில் காரை நிறுத்தி, இறங்கி ஓடி, இன்னொரு காரில் ஏறிக்கொள்வார்கள். உலகமே கேலி செய்தது. எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. பத்தாவது சுற்றுப் பிரச்சினையை அவர்கள் மறைக்கவில்லை, ஜனங்கள் முன்னால் வைத்தே காட்டினார்கள். நாலு வருஷம் கழித்து 54 யூனிட் பேட்டரி வந்ததும் அந்த ஓட்டம் நின்றது. அங்கே ஒரு பிரச்சினை வெளியே தெரிந்தது, தீர்ந்தது.

கரிவர்தன் செய்தது

இதற்கு எல்லாம் முன்னால், கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். 80-களின் கடைசியில் மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து, 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். தெருவுக்குத் தெரு மெக்கானிக் தெரிந்து வைத்திருந்த இன்ஜின். உதிரிபாகம் எங்கேயும் கிடைக்கும். உலக சாதனை எதுவும் அதன் பெயரில் இல்லை. ஆனால் ஒரே மாதிரி கார்கள் பலவற்றை வரிசையாக நிறுத்திப் பந்தயம் நடத்த முடிந்தது. பின்னாளில் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

அந்தப் பாணியில் ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. பேட்டரி 30 யூனிட், அதாவது சுமார் 180 கிலோ. மற்றதெல்லாம் 700 கிலோவுக்குள். மொத்தம் 900-க்குக் கீழே. கரி தடம் 2 கி.மீ.க்குச் சற்று மேல். ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நிமிஷம், சராசரி 60 கிலோவாட் என்று வைத்தால், 27 யூனிட்டில் 27 நிமிஷம் ஓடும். இருபது சுற்றுக்கு மேல். 60 கிலோவாட்டைத் தொடர்ந்து ஆற்றுவது சாத்தியம். 400 கிலோவாட்டை ஆற்றுவது வேறு ஜாதி வேலை. 0-100 எண் ஒன்றும் தலைப்புச் செய்தி ஆகாது. ஆனால் பதினைந்தாவது சுற்றும் இரண்டாவது சுற்று மாதிரியே இருக்கும்.

"ஈ.சி.ஆரில் யாரு சார் பத்து சுற்று சுத்தப்போறா, அழகா இருந்தா போதாதா?" என்று கேட்கலாம். போதும். அழகான காரை அழகான கார் என்று விற்கட்டும். நானே நின்று பார்ப்பேன். பொறியியல் சாதனை என்று விற்கும்போதுதான் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பையன்கள் செய்வது

இந்த இடத்தில் மாணவர்கள் நம் கம்பெனிகளைவிட நேர்மையாக இருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ரஃப்தார் குழு, ஆர்.எஃப்.23 என்ற தங்கள் முதல் மின்சார ஃபார்முலா காரை வெளியிட்டது. இந்த மாணவர் போட்டிகளில் பவருக்கு 80 கிலோவாட் என்று உச்சவரம்பு உண்டு. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பதால் பவரைக் காட்டி ஜெயிக்க முடியாது. 75 மீட்டர் பாய்ச்சலுக்குத் தரும் மதிப்பெண்ணைவிட 22 கி.மீ. எண்டியூரன்ஸ் ஓட்டத்துக்குப் பல மடங்கு அதிகம். இடையில் ஓட்டுநர் மாறுவார். கார் மாறாது. ஒவ்வொரு பாகத்தையும் ஏன் இப்படிச் செய்தாய் என்று நடுவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். நம்ம ஆட்டோ எக்ஸ்போ மேடையில் அப்படி ஒரு ஆளை உட்காரவைத்தால் எப்படி இருக்கும்!

என் முதல் சுற்று

இவ்வளவு பேசுகிறவன் என்ன செய்தான் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

2001-ல் பி.இ. கடைசி வருஷ புராஜெக்ட். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மின்சார கோ-கார்ட் செய்தோம். பழைய ஃபோர்க்லிஃப்ட் மோட்டார், லாரி பேட்டரி நாலு, நானே சால்டர் செய்த கன்ட்ரோலர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் கல்லூரி மைதானத்தை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினோம். கை கொடுத்தார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அவர் கார் ஏறிப் போனபிறகு ஜூனியர்கள் ஓட்டக் கேட்டார்கள். மூன்றாவது சுற்றில் கன்ட்ரோலர் புகைந்து அடங்கிவிட்டது. அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரமே இரண்டு தடவை ஆகியிருந்தது. அதனால்தான் ஒரு சுற்றோடு நிறுத்தச் சொன்னேன். ரிப்போர்ட்டிலும் உச்ச பவரை மட்டும் எழுதினேன்.

ஆக, செட் போட்டு மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். அந்தக் கார்ட்டைச் சரிசெய்ய நாங்கள் யாரும் திரும்பப் போகவில்லை. கேம்பஸ் இன்டர்வியூ வந்தது, சாஃப்ட்வேருக்கு வந்துவிட்டோம். மூன்றாவது சுற்றில் ஏன் எரிந்தது என்று அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருந்தால், நாலு பேரில் ஒருவனாவது இந்தத் துறையில் இருந்திருப்பானோ என்று இப்போதும் தோன்றும்.

இதையும் அக்கா பையனிடம் சொன்னேன். "எலக்ட்ரிக்குக்கு மாறுங்கடா, வேண்டாம்னு சொல்லல. ஆனா கார் செய்றதுக்கு முன்னாடி மோட்டாரையும் பேட்டரியையும் பெஞ்சுல வச்சு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. எத்தனாவது நிமிஷம் படுக்குதுன்னு எழுதி வைங்க. அந்த எண்ணை மறைக்காதீங்க" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த முறுக்கை எடுத்தான். கேட்டானா இல்லையா என்று தெரியவில்லை.

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் ஒரு கிராஃப் வந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு ஒரு இடத்தில் தொபுக்கென்று விழுகிறது. கீழே ஒரு வரி: "மாமா, 11-வது நிமிஷம் படுத்துடுச்சு. ஏன்னு பாத்துட்டு இருக்கோம்."

1,900 குதிரைத்திறனைப் படித்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.